கண்டக்டர் காசு

சேலையூர் தையல்நாயகியின் பித்தளைப் பால்படியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். ஒருநாள் அந்தப் படியை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைப் பிடிக்கப் போனாள். அதற்குள் ஒரு காகம் வந்து, படிக்குள் தெரிந்த இன்னொரு காகத்தோடு சண்டைக்கு நின்றது. அரை மணி நேரம் நின்று, கடைசியில் தோற்றுப் பறந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களுக்கு அந்தப் படியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். இந்த மூன்றும் இருந்தால் தையல்நாயகி உலகத்தையே துலக்கிக் கவிழ்த்துவிடுவாள். பித்தளையோ செம்போ கறுத்துக் கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, சாமிக்குக் கண்ணு தெரிய வேணாமா?" என்று கேட்டுக் கையோடு எடுத்துப் போய்விட்டாள். மறுநாள் வந்த விளக்கை எங்களுடையதென்று நாங்களே ஒப்புக்கொள்ளத் தயங்கினோம். இந்தத் துலக்கும் கிறுக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

அவள் சேலையூர்க்காரி. காலனிகள் வருவதற்கு முன்பே அங்கே ஏர் ஓட்டிய குடும்பம். நிலமெல்லாம் அண்ணன் முனிரத்தினத்துக்குப் போயிற்று. அவர் அதை மனை மனையாக விற்று மோதிரம் மோதிரமாகப் போட்டுக்கொண்டார். தங்கைக்கு ஒரு ஓட்டு வீடும் மாட்டுக்கொட்டகையும் கண்டக்டர் மாப்பிள்ளையும் கிடைத்தன. குழந்தை இல்லை. இரண்டு எருமைகள் அந்தக் குறையை அவளுக்கு ஓயாமல் வேலை வைத்துத் தீர்த்தன.

மாப்பிள்ளை சிட்டிபாபு தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பஸ்ஸில் கண்டக்டர். நிறுத்தத்தின் பேரை அவர் சொன்னால் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் மட்டுமல்ல, வீட்டில் தூங்குகிறவர்களும் எழுந்து எங்கள் கேம்ப் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடுவார்கள். "பின்னால கடைசி சீட்டுல இருக்கிறவன் காதுலயும் விழணும். இல்லன்னா கண்டக்டர் எதுக்கு?" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பலவீனம். செல்லாத காசுகள் எல்லாம் அவரைத் தேடிக்கொண்டு வந்தன. பழைய அணா காசுகள் கணக்கிலிருந்து போய் எத்தனையோ வருஷமாகியும் வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணத்தில் கிடந்தன. பழைய ஓரணாவும் பத்துப் பைசாவும் விளிம்பு வளைந்து பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மஞ்சள் இருபது பைசாக்களுக்கு நடுவே தேய்ந்த செப்புக் காலணா ஒன்றைச் செருகினால், மாலைக் கூட்டத்தில், முக்கால்வாசிப் பேர் படியில் தொங்கும்போது, யார் பார்ப்பார்கள்? ஓட்டைக் காலணாவைக்கூட ஓட்டையை விரலால் மூடிக் கொடுத்த சூரர்கள் உண்டு. டிப்போவில் அந்தக் காசை வாங்கமாட்டார்கள். சிட்டிபாபு தன் சட்டைப்பையிலிருந்து போட்டுக் கணக்கை நேர்செய்துவிட்டு, செல்லாததை வீட்டுக்குக் கொண்டு வருவார். அடுப்படி மாடத்தில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. அதில் போடுவார். ணங் என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் தையல்நாயகி தொடங்குவாள்.

"ஏன்யா, கை நீட்டி வாங்கசொல்ல கண்ணு எங்க போச்சு?"

"கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது தையலு. அந்தப் பொம்பள கையில வேற காசு இல்ல. அதுவும் தெரிஞ்சுது."

"நேத்து குடுத்தானே, மடிப்பு வேட்டி கட்டிகினு ஒரு பெரிய மனுசன்? அவனுக்கு இன்னா கொறச்சல்?"

"அவனுக்கு மனசு இல்ல. அதுவும் தெரிஞ்சுது."

"அப்ப அட்த்தவனுக்குச் சில்லறையா தள்ளிவுட வேண்டியதுதான? மத்த கண்டக்டரு எல்லாம் அப்டித்தான பண்றாங்க?"

"அட்த்தவன் போயி எவன் தலையில கட்டுவான்? சுத்திகினே கெடக்கும். என் கையோட நிக்கட்டும். பாத்துகினே இரு, ஒரு நாளு இதுக்கெல்லாம் வெல வரும்."

"வரும், வரும். ஊருல கீற செல்லாக்காசுக்கெல்லாம் நீதான் மாமனாரு வூடு."

இப்படியே முப்பது வருஷம். சிட்டிபாபு சிரித்துக்கொண்டே சாப்பிட்டார், சிரித்துக்கொண்டே டியூட்டிக்குப் போனார். எண்பத்தொன்பதில் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தார். அவர் வைத்துவிட்டுப் போனதில் விற்கத் தகுந்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. விசில் ஒன்று, தோல் பை ஒன்று, வாய்வரை நிரம்பிய டப்பா ஒன்று.

தொண்ணூற்றிரண்டில் முனிரத்தினத்தின் பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் பாதி சேலையூர் உட்கார்ந்திருந்தது, நான் உட்பட. யாரோ சொத்துப் பேச்சை எடுக்க, பரிமாறிக்கொண்டு வந்த முனிரத்தினம் தங்கை இலைக்கு முன்னால் நின்றார்.

"எம் மச்சான் மட்டும் இன்னா, சும்மாவா போய்ட்டாரு? ஒரு டப்பா செல்லாக்காசு வெச்சிட்டுப் போய்கீறாரு! தையலு, கூடுவாஞ்சேரில மனை போட்டுகினு கீறேன். அந்தக் காசுக்கு ஒரு கிரவுண்டு எழுதிடட்டுமா?"

பந்தல் சிரித்தது. தையல்நாயகி இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

"அந்தக் காச நான் வித்துக் காட்றேன்ணே. வித்துட்டேன்னா, எம் புருசன் காசு செல்லும்னு ஒன் வாயால சொல்லணும். இதே மாரி நாலு பேரு இருக்கசொல்ல சொல்லணும்."

"மைக் செட் கட்டிச் சொல்றேன்மா. மொதல்ல வித்துக் காட்டு" என்றார் அண்ணன்.

வரும் வழியில் என் பக்கமாக நடந்துகொண்டே அவள் பொருமினாள். "முப்பது வருசம் நான் சொன்னேன் டீச்சரம்மா, இல்லன்னு சொல்லல. நான் சொல்லலாம், நான் பொஞ்சாதி. அவன் யாரு எம் புருசன சொல்றதுக்கு?"

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் பழைய தபால்தலையும் நாணயமும் வாங்கி விற்கும் ஐசக் என்பவர் கடை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக ஒருமுறை போயிருந்தேன். நேர்மையான மனிதர். அடுத்த வெள்ளிக்கிழமை போகலாம் என்று சொல்லிவைத்தேன். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கென்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் பையோடு வந்து நின்றாள். கை விரலெல்லாம் புளியில் ஊறி வெளுத்திருந்தன. "பாருங்க டீச்சரம்மா" என்று பையை விரித்தாள். கண் கூசியது. எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் ஏறிக் கிடந்த காசெல்லாம் புது மணப்பெண் மாதிரி மின்னின. ஒவ்வொன்றாக எடுத்து, புளி போட்டு, செங்கல் பொடி போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, வேட்டித் துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

"வூட்டுக்காரரு காசு. அழுக்கா எடுத்துகினு போனா மானம் போவுமில்ல?"

நானும் பிரமாதம் என்றுதான் சொன்னேன். படித்தவள் என்று பேர்.

தாம்பரத்தில் ரயிலேறி பீச் ஸ்டேஷன் வரை பையை மடியைவிட்டு இறக்கவில்லை. கடையில் ஐசக் ஒரு பச்சைத் துணியை விரித்து, அவள் கொட்டியதைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒரு காசைத் திருப்பிப் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா இதைக் கழுவினது?"

"நாந்தான் சார்!" என்றாள் தையல்நாயகி, பரிசு வாங்கப் போகும் பெண்ணைப் போல. "ரெண்டு நாளு. இடுப்பு உட்டுப்போச்சு. பூஜை சாமானக்கூட இம்மாம் தேச்சதில்ல."

ஐசக் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து மூன்று டீ சொன்னார். அப்புறம்தான், "பழைய காசு வாங்கறவங்க அந்தக் கறுப்பைப் பார்த்துத்தாம்மா வாங்குவாங்க. அதுதான் அதுக்கு வயசு. தேய்ச்சா வயசு போயிடும். கோடு கோடா விழுந்திருக்கு பாருங்க. கையிலயே தொடமாட்டாங்க" என்றார்.

"கழுவாம இருந்தா?"

"கழுவாம இருந்தாலும் பெரிசா ஒண்ணும் இல்லம்மா. இந்தக் காலணா, ஓரணா எல்லாம் கணக்கில்லாம அடிச்சது. என் பரண்லயே ரெண்டு சாக்கு கிடக்கு. வேணும்னா செம்பு விலைக்கு எடுத்துக்கறேன்."

"எடைக்கா?"

"எடைக்குத்தான்."

"இன்னா சார், பழைய பேப்பரா இது, தராசுல போட?" என்றாள். காசுகளைத் திரும்பப் பைக்குள் அள்ளினாள். ஒன்று உருண்டு மேஜைக்கடியில் போக, ஐசக் தாமே குனிந்து எடுத்துத் துடைத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். டீயை அவள் குடிக்கவில்லை.

திரும்பும் ரயில் கிண்டியைத் தாண்டியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கழுவாம இருந்தாலும் ஒண்ணும் இல்லன்னு அந்த சார் சொன்னாரே, அது என் மனசு தாங்காதுன்னு சொன்னது."

"இல்லை தையல். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை."

"உங்களுக்குத் தெரியாது டீச்சரம்மா. வெல வரும், வெல வரும்னு சொல்லிகினே இருந்தாரு. வந்துது. நான் தேச்சுத் தொரத்திவுட்டுட்டேன். உசுரோட இருக்கசொல்ல வாயால தேச்சேன். போனப்புறமும் உடல, புளி போட்டுத் தேச்சேன்."

பல்லாவரம் தாண்டும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எனக்குக் கதை சொல்லத் தெரியும், ஆறுதல் சொல்லத் தெரியாது.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த பால்படி கறுத்திருந்தது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பால் ஊற்றும்போது நிமிர்ந்து பார்க்கக்கூட மாட்டேன் என்றாள். அண்ணன் வீட்டு வழியாகப் போகாமல் நாலு தெரு சுற்றிப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். டப்பா மாடத்திலிருந்து கொட்டகை மூலைக்குப் போய்விட்டது.

அதைத் திரும்ப வெளியே கொண்டுவந்த பெருமை பெரிய எருமைக்கே சேரும். வேண்டுமென்றே உதைத்தது என்று நான் சொல்வதுண்டு. தையல்நாயகி, ஈ கடித்தது என்பாள். எப்படியோ, ஒரு காலை டப்பா உருண்டு காசெல்லாம் கொட்டகை வாசலில் இறைந்தது. அந்த நேரம் பார்த்து, வேலையாட்களின் டீக்குப் பால் வாங்க அசரியா மேஸ்திரி வந்து நின்றார். ராஜகீழ்ப்பாக்கம் வரைக்கும் அப்போது எழும்பிய வீடுகளில் பாதி அவர் கை வேலை.

"இன்னாக்கா இது? வாசல்ல வெயில அள்ளிக் கொட்டி வெச்சிகீற?"

"செல்லாக்காசு. தாண்டிப் போ."

அவர் தாண்டவில்லை. குந்தி உட்கார்ந்து ஒன்றைப் பொறுக்கினார். "செம்புக்கா! அசல் செம்பு! நாளைக்கு ஒரு வூட்டுக்கு வாசல் நிலை வெக்கறேன். நிலைக்கு அடியில நவதானியத்தோட செப்புக்காசு போடணும். மெட்ராஸ் பூரா தேடிட்டேன். இப்ப எல்லாம் அஞ்சு பைசாவப் போடறானுங்க. அலுமினியம்! காத்தடிச்சா வூடே பறந்துடும். ஒன்னு குடுக்கா."

"எடுத்துகினு போ. நீ இன்னா, வேதக்காரன், ஒனுக்கு எதுக்கு இந்தச் சாங்கியமெல்லாம்?"

"எனக்கு ஏசு போதும். நிலைக்குக் காசு வேணும். சும்மா வாங்கக்கூடாதுக்கா, வெல குடுத்துத்தான் போடணும்." பத்து ரூபாய் நோட்டை அவள் கையில் திணித்தார். "அட, இன்னாமா மினுக்குது! யாரு தேச்சது?"

தையல்நாயகி அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அப்புறம், "நாந்தான்" என்றாளாம், மெதுவாக.

மறுவாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மூன்று வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரம்மாக்களுக்கு மின்னுகிற காசுதான் வேண்டும். கறுத்த காசை நிலைக்கடியில் போட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? ஐசக் கடையில் எது குற்றமோ, அது கேம்ப் ரோட்டில் குணமாகிப்போனது. பாலோடு காசும் விற்றது. வாங்க வருகிறவர்களிடம், "இது எவுரு காசு தெரியுமா? வேளச்சேரி பஸ் கண்டக்டர் சிட்டிபாபு காசு" என்று சொல்லித்தான் கொடுப்பாள். கேட்காவிட்டாலும் சொல்வாள். கண்டக்டர் காசு என்றே பேராகிவிட்டது. கண்டக்டர் காசு போட்ட வீட்டில் பால் தானே பொங்கும், கறையான் வராது, மாமியார் சண்டை போடமாட்டாள் என்றெல்லாம் ஊரில் பேச்சு. இதையெல்லாம் யார் கிளப்பிவிட்டார்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்க வேண்டாம்.

சிட்லபாக்கத்தில் வீடு கட்டிய ரிட்டயர்டு ஆபீசர் ஸ்ரீநிவாசராகவன் ஒரு செப்புக் காலணா வாங்கினார். அந்தக் காலத்தில் தினம் அதே பஸ்ஸில் ஆபீஸ் போனவர். கண்டக்டர் பேரைக் கேட்டதும் மனிதர் கொஞ்ச நேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது... எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்றார். அவருடைய வேட்டி மடிப்பு எப்போதும் கலையாது என்பதைத் தவிர நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பால்படி மறுபடி பளபளத்தது. ஆனால் அண்ணன் மட்டும் வாய் திறக்கவில்லை. "பிச்சக் காசு வாங்கி வேவாரம் பண்றா" என்று சொன்னதாகத்தான் காதில் விழுந்தது. தையல்நாயகிக்கு அத்தனை வீட்டு நிலையும் ஒரு பக்கம், அந்த ஒரு வாய் இன்னொரு பக்கம்.

முனிரத்தினம் கூடுவாஞ்சேரியில் மாடி வீடு கட்ட ஆரம்பித்தது தொண்ணூற்று மூன்றில். மேஸ்திரி வேறு யார், அசரியாதான். ஒரு வெள்ளிக்கிழமை நிலை வைக்க நாள் குறித்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் வைத்தாக வேண்டும். உடன்பிறந்தவளை அழைக்காமல் முடியாது, அழைத்தார்கள். புருஷன் இல்லாதவள் என்று மஞ்சள் குங்குமம் வைக்கும் இடத்துக்கு வராமல், தையல்நாயகி மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் என்னோடு ஒதுங்கி நின்றாள். இடுப்பில் சுருக்குப்பை. "நாலு காசு போட்டுகினு வாக்கா" என்று மேஸ்திரி முன்னாடியே சொல்லியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது.

நிலைக்கு மாலை போட்டாயிற்று. நவதானியம் போட்டாயிற்று. முனிரத்தினம் மோதிரக் கையால் ஒரு தங்கக் காசைப் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"தங்கம் போட்டாச்சு, சரி. செம்பு எங்க?" என்றார் அசரியா.

"தங்கமே போட்டப்புறம் செம்பு எதுக்குயா?"

"தங்கம் தங்கறதுக்கு சார். செம்பு தாங்கறதுக்கு. செம்பு இல்லாம நான் நிலை நிறுத்தமாட்டேன். நாளைக்குச் செவுரு விரிஞ்சா மேஸ்திரியத்தான் கேப்பீங்க."

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னாயா?"

"எல்லா வூட்லயும் கொண்டாருவாங்களேன்னு இருந்துட்டேன் சார்."

கடிகாரம் பத்தைத் தாண்டிவிட்டது. முனிரத்தினத்தின் மனைவி பைகளைக் கவிழ்த்தாள். ஒரு பையன் ஜி.எஸ்.டி. ரோட்டுக் கடைகளுக்கு ஓடி வெறுங்கையோடு வந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆட்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். எல்லாக் கண்ணும் மெள்ள மெள்ள மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் திரும்பியது. கடைசியில் முனிரத்தினமே பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஏறி இறங்கி வந்தார். வேர்த்துக் கொட்டியது.

"தையலு, ஒன்னு குடு."

"எத்தண்ணே?"

"அதான்... அந்தக் காசு."

"எந்தக் காசு?"

"மச்சான் காசு."

"அது செல்லாதேண்ணே" என்றாள் தையல்நாயகி.

கூட்டத்தில் யாரோ கனைத்தார்கள். முனிரத்தினம் வாய்க்குள்ளேயே, "செல்லும், செல்லும்" என்றார்.

"காதுல விழல. பின்னால கடைசி சீட்டுல இருக்கிறவனுக்கும் கேக்கணும்."

முனிரத்தினம் ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தடவை தங்கை முகத்தைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, தலையைப் பின்னால் சாய்த்து, "எம் மச்சான் சிட்டிபாபு காசு செல்லும்! செல்லும்! செல்லும்!" என்று கத்தினார். கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் நின்ற ரயில் அதை விசில் என்று நினைத்துக் கிளம்பிவிட்டது என்று நான் சொல்வேன். அசரியா மேஸ்திரி கை தட்டினார். ஆட்களும் தட்டினார்கள், நிலையை விடாமல் ஒரு கையால் தொடையில்.

தையல்நாயகி சுருக்குப்பையைத் திறந்து, இருப்பதிலேயே பளபளப்பானதைத் தேடி எடுத்தாள். அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நகரவும், "பத்து ரூபா" என்றாள். "சும்மா போடக்கூடாது."

அவர் மடிக்குள் கையைவிட்டு அகப்பட்ட நாணயங்களை எண்ணாமல் அள்ளிக் கொடுத்துவிட்டு ஓடினார். அவள் எண்ணினாள். ஒரு ரூபாய் கூட இருந்தது. கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ராகுகாலத்துக்கு முன்னால் நிலை நின்றது.

திரும்பும் பஸ்ஸில் உள்ளங்கையை என் பக்கம் விரித்தாள். நாணயங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் மழுங்கி, சிங்கமும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் ஒன்று கிடந்தது. எந்தக் கடையிலும் வாங்கமாட்டார்கள்.

"இதை அப்போதே பார்த்தாயா?"

"பாத்தேன்."

"திருப்பிக் கொடுத்தபோது இதையே கொடுத்திருக்கலாமே!"

"அண்ணன் வேர்த்து நின்னுகினு இருந்தான் டீச்சரம்மா. அதுவும் தெரிஞ்சுது."

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனாள். டப்பா மறுபடி மாடத்தில் பழைய இடத்துக்கே வந்திருந்தது, கிட்டத்தட்டக் காலியாக. அந்தக் காசைப் போட்டாள். ணங் என்றது.

"கை நீட்டி வாங்கசொல்ல கண்ணு எங்கடி போச்சு?" என்று தன்னையே திட்டிக்கொண்டு, தையல்நாயகி எருமைக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.